பக்கத்தில் அமர்ந்தவரும் முன்னால் நின்றவரும்: நோரீன் கலீபா – கௌசல்யா பெரியசாமி, ஓர் ஒப்பாய்வு

மொம்பாசா துறைமுகத்தில் சரக்கு ஏற்றிப் புறப்படும் லாரி, கம்பாலாவைத் தாண்டி மசாக்கா, லியான்டோண்டே, எம்பராரா என்று மேற்கே போய் ருவாண்டா எல்லையைத் தொடும். லாரிக்காரர்கள் இரவு தங்கும் ஊராக இருந்தது லியான்டோண்டே. நம் பக்கத்தில், பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், மதுரை என்று இறங்குகிறது பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை. லாரி ஓட்டுவதும், லாரிக்கு பாடி கட்டுவதும் நாமக்கல்லில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். லாரி ஏறியவர் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

எச்.ஐ.வி. இந்த இரண்டு சாலைகளிலும் பயணம் செய்தது. அரசுகள் விழித்துக்கொண்டதும் சாலையோரத்தில் எச்சரிக்கைப் பலகைகள் முளைத்தன. அவை ஊர்விட்டு ஊர் போகும் ஆணைப் பார்த்துப் பேசின. வீட்டில் காத்திருந்த பெண்ணுக்குச் சொல்ல அந்தப் பலகைகளிடம் எதுவும் இல்லை. அவள் எங்கும் போகவில்லை. நோய்தான் வாசல் தேடி வந்தது.

அந்தப் பெண்ணையும் அவள் குடும்பத்தையும் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை உகாண்டாவில் எடுத்தவர் நோரீன் கலீபா. தமிழ்நாட்டில் அந்தப் பெண்ணாகவே எழுந்து நின்று பேசியவர் கௌசல்யா பெரியசாமி. ஒருவர் 1987-இல் தொடங்கினார், மற்றவர் 1998-இல். இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எச்.ஐ.வி. விழிப்புணர்வு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் வேலைக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பது புரியும்.

நோய் தெரிந்த விதம்

கலீபா கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர். நான்கு பெண் குழந்தைகளின் தாய். அவருடைய கணவர் கிறிஸ்டோஃபர் மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் இருந்தார். 1986-ஆம் ஆண்டின் நடுவில் அவர் படுத்த படுக்கையானார் என்று செய்தி வந்தது. கலீபா விமானம் ஏறிப் போனபோது, எய்ட்ஸ் என்று மருத்துவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் விபத்தில் சிக்கியபோது ஏற்றிய இரத்தத்தின் வழியாகக் கிருமி வந்திருக்கும் என்பது குடும்பத்தின் கருத்து. சோதித்துப் பார்த்ததில் கலீபாவுக்குத் தொற்று இல்லை.

ஹல் மருத்துவமனையில் கணவரைப் பணியாளர்கள் முகம் சுளிக்காமல் தொட்டுத் துடைத்துப் பராமரித்ததைக் கலீபா பார்த்தார். கம்பாலாவுக்குத் திரும்பியபோது அச்சமும் விலகலும் எதிர்கொண்டன. அவர் வேலை பார்த்த துறையே மருத்துவம். அங்கேயும் நோயாளியை நெருங்கத் தயங்கினார்கள். 1987 ஜனவரியில் கிறிஸ்டோஃபர் இறந்தார். ஹல்லில் கிடைத்த அந்தப் பரிவு இங்கே ஏன் இல்லை என்ற கேள்வியோடு கலீபா நின்றார்.

கௌசல்யாவின் கதை நாமக்கல் மாவட்டத்தில் நடந்தது. 1995-இல், இருபது வயதையொட்டி, உறவுக்குள்ளேயே திருமணம். கணவர் லாரித் தொழிலில் இருந்தவர். தாலி கட்டிச் சில வாரங்களிலேயே உடம்புக்கு முடியாமல் போய்ச் சோதித்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. கணவருக்குத் தொற்று இருப்பது திருமணத்துக்கு முன்பே தெரிந்திருந்தது என்ற செய்தி அதற்குப் பிறகுதான் அவருக்கு எட்டியது. இதைப் பல மேடைகளில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கணவரும் விரைவில் இறந்துபோனார்.

இரண்டு இழப்புகளும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் அவை எழுப்பிய கேள்விகள் வேறு. இவரோடு யார் உட்காருவார்கள் என்பது கலீபாவின் கேள்வி. என்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்பது கௌசல்யாவின் கேள்வி. முதல் கேள்வி ஊரின் இரக்கத்தை நோக்கிப் போகிறது; இரண்டாவது குடும்பத்தின் நேர்மையை நோக்கி. இருவரும் பிறகு கட்டியெழுப்பிய அமைப்புகளின் வடிவம் முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்து வந்தது என்பதே என் கருத்து.

எரியும் ஊரும் பூட்டிய வீடும்

உகாண்டாவில் நோய் தெருவில் தெரிந்தது. ரக்காய் வட்டாரத்தில் ஆண், பெண், வியாபாரி, விவசாயி என்று எல்லோரும் உடம்பு வற்றி இறந்தார்கள். மெலிந்துபோவதால் மக்கள் அதை ‘ஸ்லிம்’ என்றார்கள். நோய் உச்சத்தில் இருந்த 1990களின் தொடக்கத்தில் கம்பாலா மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. சாவு விழாத குடும்பம் அரிது. 1986-இல் ஆட்சிக்கு வந்த முசெவேனி இதை மறைக்கவில்லை. கியூபாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பிய படைவீரர்களில் பலருக்குத் தொற்று இருப்பதை ஃபிடல் காஸ்ட்ரோ எச்சரித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். தன் படையே அழியும் என்று அஞ்சிய அரசு வாய்திறந்து பேசியது. 1989-இல் புகழ்பெற்ற பாடகர் ஃபில்லி லுடாயா தனக்கு எய்ட்ஸ் என்று அறிவித்துவிட்டு, பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் சென்று பேசி, அதே ஆண்டின் இறுதியில் இறந்தார்.

தமிழ்நாட்டில் நோய் ஒளிந்திருந்தது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த இரத்தத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகத் தெரியவந்தது அப்போதுதான். கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். அதற்காக நாடு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஆனால் யாருடைய இரத்தத்தில் முதலில் தென்பட்டதோ அவர்களுடைய நோய் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்துவிட்டது. எண்ணிக்கை குறைவாக இருந்ததால் ஒவ்வொரு நோயாளியும் தனியாள். இந்திய அளவில் வயது வந்தோரில் தொற்று உள்ளவர்கள் 1 சதவீதத்தைக்கூட என்றும் எட்டவில்லை. உகாண்டாவில் துக்கம் ஊர்ப்பொது. இங்கே அது பூட்டிய அறைக்குள் ஒருத்தியின் அழுகை.

கணவன் இறந்ததும் மருமகளைப் பார்த்து, ‘இவள் வந்த நேரம்’ என்று சொல்வது நம் வீடுகளுக்குப் பழக்கமான பேச்சு. எச்.ஐ.வி. அந்தப் பழைய பழிக்குப் புதிய சான்றிதழாக ஆனது. பெரும்பாலும் கர்ப்பகாலச் சோதனையில் முதலில் மாட்டுவது மனைவிதான். கணவன் சோதித்துக்கொள்ளாதவரை நோய் கொண்டுவந்தவள் அவளே.

அமைப்பும் வழியும்

1987-இல் கலீபாவும் இன்னும் பதினைந்து பேரும் சேர்ந்து டாஸோ என்ற எய்ட்ஸ் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார்கள். தொடக்கக் குழுவில் இருந்த பதினாறு பேரில் பன்னிரண்டு பேர் பின்னர் எய்ட்ஸால் இறந்துபோனார்கள். இந்த எண்ணைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. மருந்தே இல்லாத காலத்தில், தாங்கள் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்தவர்கள் மற்றவர்களுக்காக அமைப்பு தொடங்கினார்கள்.

அவர்களிடம் இருந்தது என்ன? நோயாளி வந்தால் பேச்சுக்கொடுக்க ஓர் ஆற்றுநர் (ஆலோசகர்), காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து, வீடு தேடிப் போகும் செவிலியர், பாட்டும் நாடகமும். டாஸோவின் நாடகக் குழுக்களில் ஆடிப் பாடியவர்கள் தொற்று உள்ளவர்கள். ஆட்டம் முடிந்ததும் ஒருவர் முன்னே வந்து தன் கதையைச் சொல்வார். நோயோடு நல்லபடியாக வாழ்வது, மதிப்போடு இறப்பது என்ற இரண்டையும் டாஸோ ஒன்றாகவே பேசியது. முலாகோவில் தொடங்கி மசாக்கா, டொரோரோ, எம்பராரா, எம்பாலே, ஜின்ஜா, என்டெபே என்று மையங்கள் பரவின. 1995 வரை தலைமையேற்றிருந்த கலீபா பிறகு ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பில் பணியாற்றினார்.

கௌசல்யாவும் சில பெண்களும் 1998-இல் சென்னையில் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தொற்றுள்ளோருக்கான இந்தியக் கூட்டமைப்பு அதற்கு முந்தைய ஆண்டே உருவாகியிருந்தது. பிறகு எதற்குப் பெண்களுக்குத் தனி அமைப்பு? ஆண்களும் பெண்களும் கலந்த கூட்டத்தில் மாத்திரை, வேலை, மருத்துவமனை ஆகியவை பேசப்பட்டன. மாமியார் வீட்டை விட்டு விரட்டப்பட்டது, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டது, மாதவிடாய்க் கோளாறு, இன்னொரு பிள்ளை பெறலாமா என்ற ஏக்கம் ஆகியவற்றைப் பேச அங்கே இடம் போதவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தபோதுதான் அவை வெளியே வந்தன.

எச்.ஐ.வி. உள்ளவரின் முகத்தை மறைத்தே பத்திரிகைகள் படம் போட்ட காலம் அது. கௌசல்யா முகத்தையும் பெயரையும் மறைக்காமல் பேசினார்; இந்தியாவில் அப்படிப் பேசிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். கலீபா நோயாளியின் பக்கத்தில் அமர்ந்தார். கௌசல்யா நோயாளியாகவே முன்னால் நின்றார். முன்னால் நிற்பதற்கு இங்கே விலை அதிகம். லுடாயா பேசியபோது ஒரு நாடு கேட்கத் தயாராக இருந்தது. கௌசல்யா பேசியபோது உறவினர்கள் கேட்கவே விரும்பவில்லை.

எச்சரிக்கை யாருக்கு?

உகாண்டா அரசின் புகழ்பெற்ற பிரசாரம் மாட்டுத் தொழுவத்திலிருந்து உவமை எடுத்தது. கட்டிய இடத்திலேயே தீனி தின்னும் மாடுபோல, கண்ட இடத்தில் மேயாதே என்றது. தமிழ்நாட்டில் 2003-இல் புள்ளிராஜா என்ற கற்பனை மனிதரை வைத்துச் சுவரெங்கும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்டார்கள். டீக்கடையில், பேருந்தில், கல்லூரியில் எல்லோரும் அதைப் பேசினார்கள். இரண்டும் தம் மக்களின் நாக்கில் ஏறிய பிரசாரங்கள். உகாண்டாவில் தொற்று விகிதம் 1990களில் பெரிதும் குறைந்தது. தமிழ்நாட்டிலும் பிறகு குறைந்தது. அதில் இத்தகைய பிரசாரங்களுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது.

ஆனால் இரண்டு பிரசாரங்களிலும் ஒரே இடைவெளி இருந்தது. புள்ளிராஜாவின் மனைவிக்கு என்ன ஆகும் என்று சுவர் கேட்கவில்லை. ஒழுக்கமாக இரு என்ற அறிவுரையை முழுமையாகக் கடைப்பிடித்த பெண்ணுக்கும் நோய் வந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தாலும் ஆணுறை போடச் சொல்லிக் கணவனிடம் கேட்க முடியுமா? கேட்டால், ‘என்மேல் சந்தேகமா, உன்மேல் சந்தேகமா?’ என்ற கேள்விதான் திரும்பி வரும். அறிவு இருந்தும் அதைப் பயன்படுத்த அதிகாரம் இல்லாத நிலையைத்தான் சமத்துவமின்மை என்கிறோம்.

உகாண்டாவிலேயே இதற்குச் சான்று உண்டு. டாஸோ வளர்ந்துகொண்டிருந்தபோதே, 1992-இல், தொற்றுள்ள பெண்கள் நாக்வோலா என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் பியாட்ரிஸ் வெரே. கணவர் இறந்த பிறகே தன் தொற்றை அறிந்தவர் அவர். கணவரின் உறவினர்கள் சொத்தையும், மரபுப்படி அவரையும் தமக்கு உரியதாக எடுத்துக்கொள்ளப் பார்த்ததை எதிர்த்து நின்றவர். நாக்வோலாவின் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகங்கள் எழுதினார்கள். நீ எங்கே பிறந்தாய், உன் பாட்டி யார், நான் உனக்கு என்ன விரும்புகிறேன் என்று சாவுக்கு முன்பே எழுதிவைத்த ஏடுகள் அவை. ஆக, கலீபா கட்டிய பெரிய கூரையின் கீழும் பெண்களுக்கென்று ஓர் அறை தேவைப்பட்டது. கௌசல்யா அந்த அறையிலிருந்தே தொடங்கினார்.

தாயும் பெண்ணும்

இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஒரு மாத்திரை உண்டு. கலீபா வேலை பார்த்த அதே முலாகோ மருத்துவமனையில் நடந்த ஆய்வின் முடிவு 1999-இல் வெளியானது. பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு நெவிரபின் மாத்திரையும், பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை மருந்தும் கொடுத்தால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றது அந்த ஆய்வு. விலை மலிவு, கிராமத்திலும் கொடுக்கலாம். இந்தியத் திட்டமும் பல ஆண்டுகள் அந்த ஒற்றை மாத்திரையையே நம்பியது. கம்பாலாவின் தாய்மார்கள் பங்கேற்ற ஆய்வு தமிழ்நாட்டுக் குழந்தைகளைக் காத்தது.

அதே மாத்திரை கசப்பான உண்மை ஒன்றையும் காட்டியது. பிள்ளை பிழைத்தது, தாய்க்கு மருந்து இல்லை. பெண் என்பவள் பிள்ளைக்கு நோயைக் கடத்தாமல் இருக்க வேண்டிய உடல் என்று மட்டுமே திட்டம் பார்த்தது. இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தியாவில் 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அதன் தொடக்க மையங்களில் ஒன்று. உகாண்டாவிலும் டாஸோ மூலம் பெரிய அளவில் மருந்து போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய அதே காலத்தில்தான். கர்ப்பிணிக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சை என்ற முறை இரு நாடுகளிலும் வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. தாயின் உயிர் அவளுக்காகவே முக்கியம் என்று சொல்ல, தொற்றுள்ள பெண்கள் மேசையின் மறுபக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

பலமும் குறையும்

டாஸோவின் பலம் அதன் விரிவு. கிராமத்து மருத்துவமனையில் ஒரு நோயாளியை எப்படி வரவேற்பது என்பதற்கு ஆப்பிரிக்கா முழுவதும் அது முன்மாதிரியானது. குறை, அதைத் தாங்கிய பணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது உகாண்டாவின் எச்.ஐ.வி. சேவைகள் ஆட்டம் கண்டன. இந்தியாவில் மாத்திரைக்கான செலவைப் பெரும்பாலும் நம் அரசே ஏற்கிறது. ஆனால் பெண்கள் கூட்டமைப்புகளின் நிலை அப்படி இல்லை. திட்டம் இருக்கும்வரை அலுவலகம், திட்டம் முடிந்தால் பூட்டு என்ற அளவில்தான் பல அமைப்புகளின் வாழ்க்கை. மாத்திரைக்குப் பணம் ஒதுக்கும் அரசு, மாத்திரை வாங்கப் போகும் பெண்ணுக்குத் துணை போகிறவளுக்கும் ஒதுக்க வேண்டும்.

இருவருக்கும் பொதுவான வெற்றி ஒன்றும் உண்டு. நோயாளியைப் பற்றிப் பேசுவது என்ற நிலையிலிருந்து, நோயாளி பேசுவது என்ற நிலைக்கு இரண்டு நாடுகளையும் கொண்டுவந்தார்கள். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கான நம்பிக்கை மையத்தில் உட்காரும் ஆற்றுநரின் பொறுமையில் இந்தப் பெண்களின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

முடிவு

இருவரில் யாருடைய வழி சிறந்தது என்று கேட்டால், காலத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மருந்து இல்லாத காலத்துக்குக் கலீபாவின் வழியே சரி. இறக்கப்போகிறவனின் கையைப் பிடிப்பதைவிடப் பெரிய மருத்துவம் அப்போது இல்லை. இன்று நிலைமை மாறிவிட்டது. தினமும் தவறாமல் மாத்திரை எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு மூலம் நோய் பரவுவதில்லை. அவர் முழு ஆயுள் வாழலாம். சாவு பின்வாங்கிய பிறகு மிஞ்சி நிற்பது கௌசல்யாவின் கேள்விதான்: எனக்கு ஏன் சொல்லவில்லை, என்னை ஏன் வெளியே தள்ளினீர்கள்? உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எந்த மாத்திரையிலும் இல்லை. ஆகவே இன்றைய தேவை கௌசல்யா காட்டிய வழி என்பதே இந்த ஒப்பீட்டில் நான் அடையும் முடிவு.

சட்டம் அந்தப் பதிலின் ஒரு பகுதியை எழுதியிருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ள பெண்ணைக் குடும்பம் வாழும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்கிறது. துணைக்குத் தொற்றும் ஆபத்து இருந்தால், உரிய ஆலோசனைக்குப் பிறகு மருத்துவரோ ஆற்றுநரோ துணையிடம் தெரிவிக்கவும் வழி வைத்திருக்கிறது. சொன்னால் தனக்கு வன்முறை நேரும் என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அதே சட்டம் பாதுகாப்பும் தருகிறது. புகார் கேட்க மாநிலத்துக்கு ஒரு குறைதீர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் பெண்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் தெருவில், உங்கள் மகளிர் குழுவில், உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் ஒருமுறையாவது இதைச் சொல்லுங்கள். கணவனை இழந்து, பெட்டியோடு வாசலில் நிற்கும் ஒருத்தியைப் பார்த்தால், பக்கத்தில் அமருங்கள். பிறகு அவளோடு எழுந்து, அந்த வீட்டுக்குள் திரும்பிப் போகும் உரிமைக்காக முன்னால் நில்லுங்கள்.